பொகாஷி: வீட்டுக்குள்ளேயே குப்பைக்கு ஊறுகாய் போடுவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு வருடமாகச் சமையலறைக் கழிவை வீட்டுக்குள்ளேயே புளிக்க வைத்து மண்ணாக்கி வருகிறேன். சென்னையில் இரண்டாவது மாடி. தோட்டம் கிடையாது. துணி துவைக்கும் இடத்தில் இரண்டு பக்கெட், பால்கனியில் ஒரு டிரம், பதினைந்து செடித் தொட்டி, அவ்வளவுதான். லிஃப்டில் பார்ப்பவர்களும் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரி கேள்விகள். அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் எழுதியிருக்கிறேன்.

பொகாஷி, பொகாஷின்னு சொல்றீங்களே, அதுவும் கம்போஸ்ட்தானே?

இல்லை. கம்போஸ்ட் என்றால் காற்றோட்டத்தில் மக்க வைப்பது. கிளறுவோம், காய்ந்த இலை சேர்ப்போம், சூடாகும், கடைசியில் உதிரியாக மண் நிறத்தில் வரும். பொகாஷியில் காற்றே படக்கூடாது. காய்கறித் தோல், மிச்சச் சோறு எல்லாவற்றையும் மூடி போட்ட பக்கெட்டில் அமுக்கி, தயிரைப் புளிக்க வைக்கும் அதே வகை லாக்டிக் அமில பாக்டீரியாவை விட்டுப் புளிக்க வைக்கிறோம். குப்பைக்கு ஊறுகாய் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மண்ணாவது அடுத்த கட்டம், மண்ணுக்குள் போன பிறகுதான் நடக்கும். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே இருக்கும் கேள்விகளில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

சொல் ஜப்பானியம். தவிடு, பிண்ணாக்கு போன்றவற்றைப் புளிக்க வைத்து வயலுக்குப் போடுவது அங்கே விவசாயிகளின் பழைய வழக்கம். ஒகினாவாவில் ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெருவோ ஹிகா 1980களில் லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா மூன்றையும் சேர்த்து ஒரு கரைசலைக் கொண்டுவந்தார். நம் ஊர் இயற்கை விவசாயிகள் இ.எம். கரைசல் என்பது இதைத்தான். அதைத் தவிட்டில் ஏற்றி, சமையலறைக் கழிவின்மேல் தூவுகிறோம்.

வீட்டுக்குள்ள வைச்சா நாறாதா அக்கா?

மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. திறந்தால் புளித்த வாடை வரும். மூன்று நாள் வெளியே கிடந்த இட்லி மாவில் கொஞ்சம் வினிகர் ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி. சிலருக்கு அதுவே பிடிக்காது, அது வேறு விஷயம்.

அழுகல் நாற்றம் அடித்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது. காற்றில்லாத இடத்தில் இரண்டு கூட்டம் போட்டி போடும். லாக்டிக் கூட்டம் முந்திக்கொண்டால் அமிலம் சேர்ந்து, பி.ஹெச். அளவு (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4 பக்கம் இறங்கிவிடும். அதற்கப்புறம் அழுக வைக்கும் கிருமிகளால் தலைதூக்க முடியாது. மற்ற கூட்டம் முந்தினால் செத்த எலி வாடைதான். நாம் தூவும் தவிடு, லாக்டிக் கூட்டத்துக்கு முதல் நாளே ஆள் பலம் சேர்த்துக் கொடுக்கிறது.

பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. குப்பையை வீட்டுக்குள்ள வைச்சா லட்சுமி தங்குவாளான்னு கேக்குறாங்க.

என் மாமியாரும் கேட்டார். அடுப்படியில் வைக்காமல் பின்பக்கம் வைத்தேன். முதல் பக்கெட்டைத் திறந்தபோது அவரையே கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "இது மாங்காய் ஊறல் வாசனை மாதிரில்ல இருக்கு" என்றார். இப்போது தவிடு தீர்ந்தால் ஞாபகப்படுத்துவதே அவர்தான். உங்கள் வீட்டில் இது பலிக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

என்னென்ன வாங்கணும்?

காற்றுப்புகாத மூடியுள்ள பக்கெட் இரண்டு, பொகாஷித் தவிடு, அமுக்க ஒரு பழைய தட்டு. அடியில் குழாய் வைத்த பக்கெட்டுகள் தனியாகவே விற்கிறார்கள், வாங்கினால் வசதி. நான் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, தண்ணீர் டிரம்முக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயை வாஷரோடு மாட்டிக்கொண்டேன். உள்ளே குழாய் அடைக்காமலிருக்க ஒரு சின்ன வடிதட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஏன் இரண்டு? எங்கள் வீட்டில் நான்கு பேர். ஒரு பக்கெட் நிரம்பப் பதினைந்து நாள் ஆகிறது. நிரம்பியதைத் திறக்காமல் இன்னும் 14 நாள் வைக்க வேண்டும். ஒன்று ஊறும்போது இன்னொன்று நிரம்பும், கணக்கு சரியாக இருக்கும்.

என்னதான் போடலாம்? மீன் கழிவு, கறி எல்லாமுமா?

எல்லாமும் போடலாம். சமைத்தது, சமைக்காதது, மீன் செதில், கறித்துண்டு, கெட்டுப்போன பன்னீர், வடித்த காபித்தூள், எலுமிச்சைத் தோல். சாதாரண கம்போஸ்டில் போட்டால் எலியும் நாற்றமும் வரும் என்று ஒதுக்குவதை எல்லாம் இது ஏற்றுக்கொள்ளும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். கோழி எலும்பு போடலாம், ஆனால் மண்ணில் நெடுநாள் கிடக்கும். பெரிய ஆட்டெலும்பு, கொட்டாங்குச்சி, மாங்கொட்டை எல்லாம் இடத்தைத்தான் அடைக்கும். தேங்காய் நாரும் அப்படித்தான்.

திரவம் ஊற்றக்கூடாது. மிச்ச சாம்பார், ரசம் என்றால் வடிகட்டிச் சக்கையை மட்டும் போடுங்கள். பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்த ரொட்டியையும் சேர்க்க வேண்டாம். வேண்டாத கூட்டத்துக்கு அது ஆள் பலம்.

தினமும் எப்படிப் போடறீங்க, கொஞ்சம் காட்டுங்களேன்.

பகல் முழுக்கச் சேருவதை அடுப்படியில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைப்பேன். இரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகு, ஒரே ஒரு தடவை பக்கெட்டைத் திறப்பேன். முருங்கைச் சக்கை, வாழைப்பழத் தோல் போன்ற நீளமானவற்றை இரண்டு மூன்றாக வெட்டிக்கொள்வேன். கொட்டி, பரப்பி, மேலே ஒரு கைப்பிடி தவிடு. மீனோ கறியோ இருந்தால் இரண்டு கைப்பிடி. தட்டை வைத்து, உடம்பு பாரத்தைக் கொடுத்து ஒரு அமுக்கு. உள்ளே இருக்கும் காற்று "புஸ்" என்று விளிம்பில் வெளியேறுவது காதில் விழும். தட்டை அப்படியே மேலே விட்டு, மூடியைச் சுற்றிவர அழுத்தி மூடுவேன். மூன்று நிமிடம் ஆகும்.

தோல் சீவச் சீவ, தடவைக்குத் தடவை திறந்து போடுகிறவர்களுக்குத்தான் பக்கெட் கெட்டுப்போகிறது. ஊறுகாய் ஜாடியை நாளைக்குப் பத்து தடவை திறப்போமா?

கடையில விக்கிற தவிடு விலை ஜாஸ்தி. இட்லி மாவு, புளிச்ச மோர் ஊத்தினா ஆகாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. இட்லி மாவிலும் மோரிலும் லாக்டிக் பாக்டீரியா நிறையவே இருக்கிறது. ஆனால் அவற்றை அப்படியே ஊற்றினால் பக்கெட்டில் ஈரம் ஏறும், ஈரம் ஏறினால் அழுகல் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். நான் ஒரு முறை மோர் மட்டுமே தெளித்துப் பார்த்தேன். வெறும் காய்கறி போட்ட வாரம் நன்றாக இருந்தது, மீன் போட்ட வாரம் கெட்டது. அதனால் தவிட்டை விடாதீர்கள், விலை கொடுத்து வாங்குவதை வேண்டுமானால் விடுங்கள்.

வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மாட்டுத்தீவனக் கடையில் கோதுமைத் தவிடு ஒரு கிலோ. அரிசித் தவிடும் சரிதான், ஆனால் எண்ணெய்ச் சத்து இருப்பதால் பழையது சிக்கு வாடை அடிக்கும், புதிதாகப் பார்த்து வாங்குங்கள். 40 கிராம் வெல்லத்தை 300 மில்லி தண்ணீரில் கரைத்து, 20 மில்லி இ.எம். கரைசல் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் முதல் நாள் இரவே பிடித்துத் திறந்து வையுங்கள். பதம் புட்டு மாவுப் பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும், சொட்டக்கூடாது. கெட்டியான பிளாஸ்டிக் பையில் அமுக்கிக் காற்றை வெளியேற்றிக் கட்டி, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். திறக்கும்போது இனிப்பும் புளிப்புமாக வாசனை வரும். நிழலில் உலர்த்தி டப்பாவில் போட்டுவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும்.

இ.எம். கரைசலும் வாங்க வேண்டாம் என்பவர்களுக்குக் கொரிய இயற்கை விவசாயத்திலிருந்து வந்த ஒரு வழி இருக்கிறது. அரிசி களைந்த முதல் தண்ணீரை வாயகன்ற பாட்டிலில் ஊற்றித் துணி கட்டி வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு பால் சேர்த்து மறுபடி மூடி வைத்தால் சில நாளில் மேலே கட்டியாகத் திரண்டு, கீழே மஞ்சளாகத் தெளிநீர் நிற்கும். அந்தத் தெளிநீர்தான் வேண்டியது. வடித்து, சம எடை வெல்லம் கலந்து ஃபிரிட்ஜில் வைத்து, இ.எம். கரைசலுக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். நான்கு வருடமாக என் தவிடு இதில்தான். வெல்லம் கலந்த பிறகு பாட்டிலை இறுக மூடாதீர்கள். என் மூடி ஒரு தடவை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வெடித்து, முட்டை அடுக்கு முழுக்கப் பாகு.

மேல வெள்ளையா பூஞ்சை பிடிச்சிருக்கு. தூக்கிப் போட்டுடலாமா?

வேண்டாம். பஞ்சு மாதிரி வெள்ளை என்றால் நல்ல சகுனம். பச்சை, நீலம், கறுப்பு என்றால் காற்று புகுந்திருக்கிறது அல்லது தவிடு போதவில்லை. ஓரத்தில் துளியூண்டு என்றால் அந்த இடத்தை எடுத்துவிட்டுத் தவிட்டை அள்ளிப் போட்டு அமுக்கி மூடுங்கள்.

ஐயோ, புழு நெளியுது!

புளிப்பில் புழு பிறக்காது, ஈ முட்டையிட்டால்தான் வரும். முட்டை பெரும்பாலும் பக்கெட்டுக்குள் வருவதற்கு முன்பே விழுந்திருக்கும், முக்கியமாக மாம்பழ சீசனில். அடுப்படி டப்பாவுக்கும் மூடி வேண்டும் என்பது இதனால்தான். அப்புறம் பக்கெட் மூடியின் விளிம்பைப் பாருங்கள். ஒரு கறிவேப்பிலைக் காம்பு சிக்கியிருந்தாலே போதும், வழி கிடைத்துவிடும். தவிடு கூட்டிப் போட்டு, நன்றாக மூடி, ஒரு வாரம் திறக்காமல் விடுங்கள். காற்றில்லாத அமிலத்தில் அவை அதிக நாள் தாக்குப்பிடிக்காது.

பக்கெட் குழாயில வர்ற தண்ணியைச் செடிக்கு நேரா ஊத்தலாமா?

ஊற்றினால் செடி கருகும். அது அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி, அதாவது நூறில் ஒரு பங்கு, அதையும் மண்ணில்தான் ஊற்ற வேண்டும், இலையில் அல்ல. பிடித்த அன்றே பயன்படுத்துங்கள், வைத்தால் நாறும். இரண்டு நாளுக்கு ஒரு தடவையாவது வடித்துவிடுங்கள். செடி இல்லாதவர்கள் கழிப்பறையில் ஊற்றிவிடலாம்.

சிலருக்குத் தண்ணீரே வராது. பயப்பட வேண்டாம், நீங்கள் போட்டது உலர்ந்த சாமானாக இருக்கும். இந்தத் தண்ணீரை அமிர்தம் மாதிரிப் புகழ்பவர்கள் இருக்கிறார்கள். என் செடிகள் அப்படி ஒன்றும் துள்ளவில்லை.

ரெண்டு வாரம் கழிச்சுத் திறந்தேன். போட்ட கேரட் அப்படியே கேரட்டாவே இருக்கு. வேலை செய்யலையா?

வேலை செய்திருக்கிறது. முதல் பதிலைப் பாருங்கள்: ஊறுகாய் போட்ட மாங்காய் மாங்காயாகத்தானே இருக்கும்? கேரட்டை எடுத்து நசுக்கிப் பாருங்கள், மெத்தென்று போகும். மண்ணுக்குள் போனதும் அங்கிருக்கும் உயிர்கள் சடசடவென்று சாப்பிட்டுவிடும். பக்கெட்டில் அளவு குறையவில்லையே என்றும் கேட்கிறார்கள். புளிப்பில் அளவு அவ்வளவாகக் குறையாது, கொஞ்சம் அமுங்கும்.

எங்களுக்கு மண்ணே கிடையாது, நாலாவது மாடி. ஊறினதை எங்க கொண்டு போறது?

பக்கெட் வாங்கும்போது யாரும் யோசிக்காத இடம் இது. மண் இல்லாமல் பொகாஷி முடியாது. ஆனால் மண்ணை ஒரே ஒரு தடவை வாங்கினால் போதும்.

50, 60 லிட்டர் டிரம் அல்லது டப், அடியில் நாலைந்து ஓட்டை, கீழே ஒரு தட்டு. அடியில் நாலு விரல் உயரத்துக்கு மண். ஊறிய கழிவு ஒரு பங்கு, மண் இரண்டு பங்கு என்று கையுறை போட்டு நன்றாகப் பிசைந்து நிரப்புங்கள். கழிவும் மண்ணும் தனித்தனி அடுக்காக நிற்கக்கூடாது, ஒவ்வொரு துண்டின்மேலும் மண் ஒட்ட வேண்டும். மேலே மறுபடி நாலு விரல் வெறும் மண். மழை படாமல் லேசாக மூடிவிடுங்கள், இங்கே காற்று வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒரு கிளறு. நம் ஊர் சூட்டுக்கு மூன்று, நான்கு வாரத்தில் எலும்பும் முட்டை ஓடும் தவிர ஒன்றும் தெரியாது. அதில் பாதியைச் செடிக்கு எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியை அடுத்த பக்கெட்டுக்கு மண்ணாகப் போடுங்கள். தயிருக்கு உறை எடுத்து வைப்பது போல.

வெறும் தேங்காய் நார்த்தூளில் செய்யலாமா என்றால், மெதுவாகத்தான் நடக்கும், ஏனென்றால் அதில் மண்ணின் உயிர்கள் இல்லை. யாராவது வீட்டுத் தோட்டத்திலிருந்து இரண்டு கை நல்ல மண் வாங்கிக் கலந்துவிடுங்கள்.

அதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? நேரா செடித் தொட்டியில புதைச்சா ஆகாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். நன்றாகப் பூத்துக்கொண்டிருந்த குண்டுமல்லித் தொட்டியில் வேரோரமாக ஒரு கரண்டி ஊறலைப் புதைத்தேன். ஐந்தாவது நாள் மொட்டெல்லாம் உதிர்ந்தது, பதினைந்தாவது நாள் செடியே போய்விட்டது. புதிதாகப் போட்ட ஊறல் அமிலம், வேர் பட்டால் வெந்துவிடும். இரண்டு வாரத்தில் அந்தப் புளிப்பு தணியும். காலித் தொட்டியில் கீழ்ப்பாதியில் மண்ணோடு கலந்து வைத்து, இரண்டு வாரத்துக்கு அப்புறம் நாற்று நடலாம், தப்பில்லை.

நம்ம சமையல்ல உப்பும் எண்ணெயும் ஜாஸ்தி. மண்ணு கெட்டுடாதா?

தோட்டத்து மண்ணில் பிரச்சினை வராது, மழை கரைத்துக்கொண்டு போய்விடும். தொட்டியில் உப்பு தானாகப் போகாது, தங்கும். பழைய ஊறுகாய், கருவாடு, அப்பளத்தை நான் பக்கெட்டில் போடுவதில்லை. மிச்சச் சோறு, பொரியல் பரவாயில்லை. ஒரே தொட்டிக்கே மாதா மாதம் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். இலை நுனி கருகினால் அடியில் வழிந்தோடும்வரை வெறும் தண்ணீர் விடுங்கள். பஜ்ஜி பொரித்த எண்ணெயை ஊற்ற வேண்டாம், வடையில் ஒட்டியிருப்பது போகட்டும்.

சென்னை வெயில் தாங்குமா? பத்து நாள் ஊருக்குப் போனா?

குளிர் நாடுகளில் பக்கெட்டைச் சூடான இடம் தேடி வைக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை, நேர் வெயில் படாமல் இருந்தால் போதும். ஊருக்குப் போகிறீர்களா, தண்ணீரை வடித்து, மேலே தவிடு போட்டு மூடிவிட்டுப் போங்கள். இரண்டு வாரம் என்பது குறைந்தபட்சக் கணக்கு, ஒரு மாதம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

மண்புழுப் பெட்டி வச்சிருக்கேன், அதுல போடலாமா?

புதிதாகப் போட்டால் புழு ஓடும். டிரம்மில் இரண்டு வாரம் இருந்ததைக் கொஞ்சமாக ஒரு மூலையில் வையுங்கள். புழுக்கள் தாமாக வந்தால் அடுத்த முறை கூட்டலாம்.

காத்தில்லாம வைச்சா மீத்தேன் வரும்னு படிச்சேன். குப்பைமேட்டுக்கும் உங்க பக்கெட்டுக்கும் என்ன வித்தியாசம்?

நல்ல கேள்வி, ஒரு காலேஜ் பெண் கேட்டது. சென்னையின் குப்பைக்கிடங்குகளான பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல வருடங்களாகக் குவிந்த குப்பைக்குள் காற்று போகாது, ஈரக் கழிவு அங்கே அழுகி மீத்தேன் வருகிறது. அங்கே அடிக்கடி தீப்பிடிப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் மீத்தேன் உண்டாக்கும் உயிர்களுக்குப் புளிப்பு ஆகாது. பி.ஹெச். 7 பக்கம் இருந்தால்தான் அவை நன்றாக வேலை செய்யும். பக்கெட்டில் 4 பக்கம் இறங்கிவிடுவதால் அந்தக் கட்டத்துக்கே போவதில்லை. அப்புறம் மண்ணுக்குள் போகும்போது காற்று கிடைத்துவிடுகிறது. டிரம்மைச் சகதியாக விடாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதான் கார்ப்பரேஷன் வண்டி வருதே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?

வண்டிக்குக் கொடுப்பதானாலும் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 2016-லேயே அது வந்துவிட்டது. ஈரக் கழிவு வீட்டிலேயே நின்றுவிட்டால் மிச்சக் குப்பை நாறாது, தினமும் வெளியே வைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இப்போது வாரத்துக்கு ஒரு பைதான். செடி வளர்க்கும் ஆசையே இல்லாதவர்கள் வண்டிக்கே பிரித்துக் கொடுங்கள், தப்பே இல்லை. விருப்பமில்லாமல் தொடங்கிய பக்கெட் மூன்றாவது வாரம் கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன்.

கெட்டே போயிடுச்சு. செத்த எலி வாடை. இப்ப என்ன பண்றது?

முதலில் பக்கெட்டைப் பால்கனிக்குக் கொண்டு போங்கள். தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள், பாதி நாற்றம் அதில்தான். பாதிக்குக் கீழே நிரம்பியிருந்தால் தவிட்டைத் தாராளமாகப் போட்டு, ஒரு கைப்பிடி வெல்லத் தூளும் தூவி, அமுக்கி மூடி, பத்து நாள் பாருங்கள். பாதிக்குப் பாதி தேறிவிடும்.

தேறவில்லை என்றால் டிரம்முக்குக் கொண்டு போங்கள். வழக்கமாகப் போடுவதைப்போல இரண்டு மடங்கு மண், கூடவே காய்ந்த இலையோ நார்த்தூளோ நிறைய. மேலே ஒரு சாண் மண். இரண்டு நாள் லேசாக வாடை வரும், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம் பக்கெட்டைக் கழுவி வெயிலில் காய வைத்து, மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். அந்த மோர் சோதனையை விட்டால் எனக்கு இரண்டு முறை கெட்டது. இரண்டு முறையும் வளையம் ஒரு இடத்தில் மடங்கியிருந்தது.